சொந்த ஏஜென்சி சைட்ட புதுசா கட்டறீங்களா? ஸ்டாக் பேச்ச கடைசில வெச்சுக்கலாம்

கேள்வி இதுதான். கோயம்புத்தூர்ல ஒரு சின்ன ஏஜென்சில ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பரா இருக்கற தம்பி ஒருத்தர் கேக்கறாரு, ஆபீஸ் சைட் பழைய வேர்ட்பிரஸ், எலிமென்டர்ங்கற பேஜ் கட்டற பிளகின்ல கட்டினது, போன்ல திறந்தா தவழுது, ஓனர் "நீயே புதுசா கட்டிடு, உன் இஷ்டம்"னு சொல்லிட்டாரு, ஸ்டாக்குக்கு, அதாவது சைட்ட கட்டற டூலுக்கு, நெக்ஸ்ட் ஜேஎஸ் போடவா ஆஸ்ட்ரோ போடவா, ஜிசாப்ங்கற லைப்ரரி வெச்சு அனிமேஷன் எவ்வளவு வெக்கலாம், டிசைன் மாசக்கணக்கா ஃபிக்மாங்கற டிசைன் டூல்லயே கெடக்குது என்ன பண்றதுன்னு.

தம்பி, அந்த "உன் இஷ்டம்"தான் உங்க சிக்கலே. கிளையன்ட் வேலைன்னா ஒருத்தர் போன் பண்ணி "எப்ப முடியும்"னு கேப்பாரு, "இந்த கலர் வேணாம், இது போதும், லைவ் போங்க"ன்னு சொல்லுவாரு, அப்புறம் பில் போவும். சொந்த சைட்டுக்கு கேக்கவும் ஆள் இல்ல, போதும்னு சொல்லவும் ஆள் இல்ல. கல்யாண வீட்டுக்காரங்க கடைசி பந்தில உக்காந்து இருக்கறத சாப்பிடற கதைதான் எல்லா ஏஜென்சிலயும் நடக்குது. காசு வர்ற வேலை ஒண்ணு வந்தா உங்க சைட் வேலை அப்படியே நிக்கும், ரெண்டு மாசம் கழிச்சு திரும்பி வந்து பாத்தா அந்த டிசைன் உங்களுக்கே பிடிக்காது, டிசைனருக்கு அதவிட பிடிக்காது, திரும்ப முதல்ல இருந்து. இதுக்கு நடுவுல ஆபீஸ்ல இருக்கற எல்லாருக்கும் ஹோம் பேஜ் பத்தி ஒரு அபிப்பிராயம் இருக்கும், அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு கூட.

அதனால ஸ்டாக் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட போய் கேளுங்க, "சார், இந்த சைட்டுக்கு யாரு கிளையன்ட்? ஒரே ஒருத்தர் பேர் சொல்லுங்க, அவர் ஓகேன்னா ஓகே". ஓனரே இருந்தாலும் சரி, சேல்ஸ் பாக்கறவர் இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா அந்த சைட் லிங்க்க தினமும் வெளிய அனுப்பறது அவர்தான். அப்புறம் ஒரு பக்கத்துக்கு ஸ்கோப் (என்னென்ன கட்டணும்னு) எழுதி, மத்த புராஜெக்ட் மாதிரியே டைம்ஷீட்ல ஒரு கோட் வாங்கி, அதுல மணிநேரம் போடுங்க. டைம்ஷீட்ல இடம் குடுக்க மாட்டேன்னு சொன்னாங்கன்னா அதுவும் ஒரு பதில்தான், அப்ப ஹோம், மூணு வேலை, கான்டாக்ட் இவ்வளவுதான் கட்டுவேன்னு சொல்லிடுங்க, மிச்சம் பழைய சைட்லயே இருக்கட்டும். ராத்திரி வீட்ல உக்காந்து கட்டி முடிக்கலாம்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.

அடுத்தது, யார் வர்றாங்கன்னு பாருங்க. கூகிள் சர்ச் கன்சோல்ல (எதைத் தேடி சைட்டுக்கு வந்தாங்கன்னு காட்டற டூல்) 16 மாச டேட்டா இருக்கும், எடுத்து பாத்தீங்கன்னா சின்ன ஏஜென்சிக்கு பெரும்பாலும் ஏஜென்சி பேர தேடி வர்றவங்கதான் ஜாஸ்தி. அதாவது யாரோ ஒருத்தர் "இவங்க நல்லா பண்ணுவாங்க"ன்னு சொல்லி, இல்ல உங்க ஆள் வாட்ஸப்ல கொட்டேஷனோட லிங்க் அனுப்பி, அதுக்கப்புறம் வர்றவங்க. இன்னொரு கூட்டம் வேலை தேடற ஃப்ரெஷர்ஸ். "கோயம்புத்தூர் வெப் டிசைன் கம்பெனி"ன்னு தேடி வந்து அப்படியே ஆர்டர் குடுக்கறவங்க நீங்க நெனக்கறத விட கம்மி. முதல் கூட்டத்துக்கு வேண்டியது மூணே விஷயம், இவங்க நம்ம மாதிரி ஆளுக்கு வேலை செஞ்சிருக்காங்களா, நிஜமாவே ஒரு ஆபீஸும் ஆளுங்களும் இருக்காங்களா, யாருக்கு போன் பண்றது.

இங்க ஃப்ரண்ட்எண்ட் ஆளுங்க யாருமே டிசைன் பண்ணாத ஒரு ஸ்கிரீன் இருக்கு, லிங்க் அனுப்பினா வர்ற வாட்ஸப் பிரிவ்யூ. பம்ப் கம்பெனி முதலாளி உங்க ஹீரோ செக்ஷனுக்கு (பேஜோட முதல் பெரிய பகுதி) முன்னாடி பாக்கறது அந்த சின்ன பெட்டியத்தான். அந்த பெட்டிக்கு தலைப்பும் படமும் சொல்ற ஓஜி டேக் எல்லாம் ஹெச்டிஎம்எல்லயே இருக்கணும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடினதுக்கு அப்புறம் போட்டா வாட்ஸப் அத பாக்காது. படம் 600 கேபிக்கு உள்ள இருக்கணும், டிசைனர் அனுப்பற 2 எம்பி பிஎன்ஜிய அப்படியே போட்டுட்டு "ஏன் படம் வரல"ன்னு உக்காராதீங்க. ஒவ்வொரு கேஸ் ஸ்டடிக்கும் (செஞ்ச வேலைய பத்தின பேஜ்) தனி படம் வெச்சா சேல்ஸ் ஆளு "இத பாருங்க சார், உங்க லைன்லயே செஞ்சது"ன்னு அந்த லிங்க மட்டும் அனுப்பலாம். ஏற்கனவே அனுப்பின மெசேஜ்ல பழைய படம்தான் இருக்கும், அத மாத்த முடியாது, அதனால முதல் நாளே சரியா இருக்கட்டும்.

இப்ப நிஜமான வேலை, கன்டென்ட். உங்க ரீபில்ட் நிக்கறது ஃபிக்மாலன்னு நீங்க நெனக்கறீங்க, ஆனா அந்த ஃபிக்மால கார்டுக்கு உள்ள இருக்கறது "லோரம் இப்சம்"னு ஒப்புக்கு போட்ட எழுத்து தானே? எழுதறதுக்கு ஒண்ணும் இல்லாததால டிசைன் முடியல, இதுதான் விஷயம். "வீ டெலிவர் இன்னொவேட்டிவ் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ்" மாதிரி ஒரு வரி எந்த ஏஜென்சி சைட்ல வெச்சாலும் ஒட்டிக்கும், அப்படின்னா அது உங்கள பத்தி ஒண்ணும் சொல்லலன்னு அர்த்தம். அதுக்கு பதிலா இப்படி எழுதிப் பாருங்க: "திருப்பூர் பனியன் எக்ஸ்போர்ட்டர் ஒருத்தர்கிட்ட வெளிநாட்டு பையர்ஸ் சாம்பிள் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு தினமும் மெயில்ல கேட்டுட்டு இருந்தாங்க, இப்ப லாகின் பண்ணி அவங்களே பாத்துக்கறாங்க, அத நாங்க கட்டினோம்". இத படிக்கற இன்னொரு எக்ஸ்போர்ட்டர் உடனே நிமிந்து உக்காருவாரு. வாய்க்கு வந்த சதவீதம் எல்லாம் போடாதீங்க, கிளையன்ட்கிட்ட கேட்டு அவர் சொன்ன நம்பர்னா போடலாம், இல்லன்னா நம்பரே வேணாம்.

கேஸ் ஸ்டடிக்கு பர்மிஷன் வாங்கறது தனி தலவலி. கான்ட்ராக்ட்ல ரகசிய ஒப்பந்தம் இருக்கான்னு பாருங்க, லோகோ போடலாமான்னு ஒரு மெயில்ல கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, பேர் போடக்கூடாதுன்னா "ஒரு வால்வ் தயாரிக்கற கம்பெனி"ன்னு போட்டாலும் கதை நிக்கும். இன்னொண்ணு, நீங்க முன்னாடி கட்டின சைட்டுங்கள இன்னைக்கே ஃபுல் பேஜ் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, மொபைல் டெஸ்க்டாப் ரெண்டும். நாளைக்கு அந்த கிளையன்ட் வேற யாருக்காவது குடுத்து மாத்திட்டா உங்க வேலைக்கு அத்தாட்சியே இருக்காது, அப்புறம் பழைய சைட்டுங்கள சேத்து வெக்கற வேபேக் மெஷின்ல பாதி படம் உடைஞ்ச பேஜத்தான் தேடி எடுக்கணும்.

சரி, ஸ்டாக். பத்து பதினஞ்சு பேஜ், கேஸ் ஸ்டடி, ஒரு பிளாக், ஒரு ஃபார்ம், இதுக்கு என் ஓட்டு ஆஸ்ட்ரோவுக்கு. 2022ல 1.0 வந்துச்சு, 2023 ஜனவரில 2.0ல கன்டென்ட் கலெக்ஷன்ஸ் வந்ததுல இருந்து இந்த மாதிரி சைட்டுக்கு ரொம்ப பொருந்திப் போச்சு, கேஸ் ஸ்டடி ஒவ்வொண்ணும் ஒரு மார்க்டவுன் ஃபைல் (சாதா டெக்ஸ்ட்), கிளையன்ட் பேரோ கவர் படமோ விட்டுப்போனா பில்டே (ஃபைல்ல இருந்து சைட்ட உருவாக்கற வேலை) நின்னு திட்டும். நீங்க கேட்டா ஒழிய பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பாது. நெக்ஸ்ட் ஜேஎஸ் கெட்டதுன்னு சொல்லல, உங்க டீம் தினமும் அதுலதான் வேலை செய்யுதுன்னா அதுலயே ஸ்டாட்டிக் எக்ஸ்போர்ட் (வெறும் ஹெச்டிஎம்எல் ஃபைலா) எடுத்துக்கோங்க. ஆனா ஒரு பிரோஷர் சைட்டுக்கு சர்வர்ல ரியாக்ட் (நெக்ஸ்ட்டுக்கு அடியில இருக்கற லைப்ரரி) ஓடிட்டு இருக்கணுமான்னு யோசிங்க. 2025 டிசம்பர்ல ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்ஸ்ல ஒரு ஓட்டை வந்துச்சே, லாகினே இல்லாம வெளிய இருந்து சர்வர்ல கோட் ஓட்டலாம், தீவிரம் 10க்கு 10னு போட்டாங்க, அந்த பாகத்த உபயோகிக்கற நெக்ஸ்ட் 15, 16 ஆப் ரவுட்டர் வெச்சிருந்தவங்க எல்லாம் அவசர அவசரமா அப்டேட் பண்ணாங்க. கிளையன்ட் சைட்ட எல்லாம் பேட்ச் பண்ணிட்டு ஆபீஸ் சைட்ட யாரு ஞாபகம் வெச்சுப்பா சொல்லுங்க. வெறும் ஹெச்டிஎம்எல்னா அந்த கவலையே கெடையாது.

ஆனா ஒரு கேள்வி, லைவ் போனதுக்கு அப்புறம் யாரு எடிட் பண்ணுவா? மார்க்டவுனும் கிட்டும் (கோட் மாற்றங்கள பதிஞ்சு வெக்கற டூல்) உங்களுக்கு சுகம், ஹெச்ஆர் மேடத்துக்கு? கேரியர்ஸ் பேஜ்ல ஒரு ஓப்பனிங் சேக்கணும்னாலும் "தம்பி, அத கொஞ்சம் போட்டுடறியா"ன்னு உங்ககிட்டதான் வருவாங்க, தீபாவளிக்கு பேனர், டீம்ல ஒருத்தர் போயிட்டா போட்டோ எடுக்கணும், எல்லாமே நீங்க. அது வேணாம்னா வேர்ட்பிரஸ்ஸ தூக்கி எறியாம பின்னாடி எடிட்டரா மட்டும் வெச்சுட்டு முன்னாடி ஆஸ்ட்ரோ போடலாம், ஆபீஸ்ல எல்லாருக்கும் அந்த அட்மின் ஸ்கிரீன் பழக்கம்தானே. இன்னும் நேர்மையா சொன்னா, எலிமென்டரையும் ரெண்டு ஸ்லைடர் பிளகினையும் எடுத்துட்டு, படத்த எல்லாம் ஒழுங்கா சுருக்கி, ஒரு நல்ல பிளாக் தீம் (வேர்ட்பிரஸ்ஸோட சொந்த எடிட்டர்லயே ஓடற தோற்றம்) எழுதினாலே உங்க சைட்டுக்கு போதுமா இருக்கலாம். இத சொன்னா ஃப்ரண்ட்எண்ட் ஆளுங்க முகம் சுருங்கும், எனக்கு தெரியும்.

ஹோஸ்டிங்ல ஒரு விஷயம், வெர்செல்ங்கற ஹோஸ்டிங்கோட ஃப்ரீ ஹாபி பிளான் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், கம்பெனி சைட்ட அதுல வெக்கறது அவங்க விதிப்படி தப்பு. கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் ஃப்ரீ பிளான்ல அந்த தடை இல்ல, மாசம் 500 பில்ட் வருது, உங்களுக்கு தாராளம்.

அனிமேஷனுக்கு வர்றேன், ஏன்னா நீங்க இதத்தான் ஆசையா கேட்டிருக்கீங்க. ஜிசாப் இப்ப முழுக்க ஃப்ரீ, 2024ல வெப்ஃப்ளோ அத வாங்கினாங்க, 2025ல இருந்து ஸ்ப்ளிட்டெக்ஸ்ட் (வரிய எழுத்தா பிரிக்கறது) மாதிரி முன்னாடி காசு கட்டி வாங்கின பிளகின் எல்லாம் கமர்ஷியல் வேலைக்கும் சும்மா கெடைக்குது. காசுதான் இவ்வளவு நாள் நம்மள கட்டுப்படுத்திட்டு இருந்துச்சு போல, இப்ப எந்த ஏஜென்சி சைட்ட திறந்தாலும் எழுத்து எழுத்தா பறந்து வருது. என் கருத்து, பேஜுக்கு பேஜ் போறப்ப வர்ற மாற்றத்துக்கு பிரவுசர்லயே இருக்கற வியூ ட்ரான்ஸிஷன் போதும், சிஎஸ்எஸ்ல ஒரு ரூல் எழுதினா குரோம் 126ல இருந்தும் சஃபாரி 18.2ல இருந்தும் வேலை செய்யும், இல்லாத பிரவுசர்ல சாதாரணமா பேஜ் மாறும், அவ்வளவுதான். கேஸ் ஸ்டடி கார்ட்ல இருக்கற படம் அப்படியே விரிஞ்சு உள் பேஜ் கவரா மாறறது ஒண்ண மட்டும் ஒழுங்கா பண்ணுங்க, பாக்கறவங்களுக்கு அதுவே போதும். ஸ்க்ரோல கையில எடுத்துக்கற வேலை வேணாம், கிளையன்ட் விரலால தள்ளினா தள்ளின அளவு நகரணும். போன்ல மோஷன் குறைச்சு வெச்சிருக்கறவங்களுக்கு எல்லாத்தையும் நிறுத்துங்க, அதுக்கு ஒரு மீடியா க்வெரி எழுதறதுக்கு என்ன செலவு.

எழுத்து எழுத்தா பிரிக்கறதுல தமிழ் பேஜ் இருந்தா தனி வில்லங்கம் இருக்கு. இப்ப நெறய பேர் தமிழ்லயும் ஒரு ஹோம் பேஜ் கேக்கறாங்க. "கோயம்புத்தூர்"ங்கற வார்த்தைய ஜாவாஸ்கிரிப்ட்ல சாதாரணமா அர்ரேவா பிரிச்சீங்கன்னா 13 துண்டு வரும், புள்ளி தனியா, இரட்டைக்கொம்பும் காலும் தனியா, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அந்த புள்ளி வட்டம் வேற வந்து நிக்கும். நமக்கு வேண்டியது கோ, ய, ம், பு, த், தூ, ர் ஏழு. பிரவுசர்லயே இருக்கற இன்ட்ல் செக்மென்டர் போட்டா ஏழு சரியா வரும், ஃபயர்ஃபாக்ஸ்லயும் 2024ல 125வது வெர்ஷன்ல வந்துடுச்சு, ஆக எல்லா பிரவுசர்லயும் இருக்கு. பிரச்சனை தீந்துச்சுன்னு நெனச்சா கிளையன்ட் லிஸ்ட்ல "ஸ்ரீ லக்ஷ்மி" வருவாங்க. செக்மென்டர் ஸ்ரீய ஸ் வேற ரீ வேறன்னு ரெண்டா வெட்டும், க்ஷவயும் க் வேற ஷ வேறன்னு வெட்டும், ரெண்டு ஸ்பான்ல (தனித்தனி ஹெச்டிஎம்எல் டேக்) போனதுக்கு அப்புறம் அது ஒட்டவே ஒட்டாது. நம்ம ஊர்ல ஸ்ரீ இல்லாத கம்பெனி பேர் எத்தன இருக்கு? அதனால தமிழ்ல வார்த்தை வார்த்தையா பிரிங்க, எழுத்துல கை வெக்காதீங்க.

அதே மாதிரி, வரி கீழ இருந்து மேல எழும்பி வர்ற அனிமேஷனுக்கு ஓவர்ஃப்ளோ ஹிட்டன் (பெட்டிக்கு வெளிய போறத மறைக்கறது) போடுவோம்ல, இங்கிலீஷ் ஹெட்டிங்குக்கு லைன் ஹைட் 1.1 வெச்சு டிசைனர் குடுத்திருப்பாரு, அதுலயே தமிழ் போட்டா கீ, வீல வர்ற மேல் சுழி வெட்டுப்படும், கீழ கு, ரூவோட வால் வெட்டுப்படும். தமிழுக்கு குறைஞ்சது 1.4 குடுங்க, லெட்டர் ஸ்பேசிங்ல மைனஸ் போட்டதையும் எடுத்துடுங்க. ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை இதுல ஏதாவது ஒண்ணு போதும், யூனிகோட் ரேஞ்ச் போட்டு வெச்சா இங்கிலீஷ் பேஜ் திறக்கறவங்களுக்கு தமிழ் ஃபைல் இறங்காது.

ஸ்பீட் பத்தி. கூகிள் கேக்கற அளவு உங்களுக்கு தெரிஞ்சதுதான், எல்சிபி (பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகற நேரம்) 2.5 செகண்ட், ஐஎன்பி (தட்டினா பதில் வர ஆகற நேரம்) 200 மில்லிசெகண்ட், சிஎல்எஸ் (பேஜ் குதிக்கற அளவு) 0.1, நூறு விசிட்ல 75 இந்த அளவுக்குள்ள இருக்கணும். ஆனா இது நிஜ ஆளுங்க குரோம்ல இருந்து 28 நாளுக்கு சேத்து எடுக்கற டேட்டா, உங்க ஆபீஸ் சைட்டுக்கு அந்த அளவுக்கு கூட்டம் வராது, சர்ச் கன்சோல் "போதுமான டேட்டா இல்ல"ன்னுதான் காட்டும். அப்ப கையில இருக்கறது குரோம்ல இருக்கற லைட்ஹவுஸ் டெஸ்ட் மட்டும்தான், அது ஒரு கற்பனை போன வெச்சு லேப்ல ஓட்டறது, அதுல ஐஎன்பியே கெடையாது ஏன்னா யாரும் எதையும் தட்டறதில்ல. நூத்துக்கு நூறு ஸ்கிரீன்ஷாட் லிங்க்ட்இன்ல போடறதுக்கு நல்லா இருக்கும். நிஜமா தெரியணும்னா ஆபீஸ்ல யார்கிட்டயாவது நாலு வருஷ பழைய, பத்தாயிரம் ரூபா ஆண்ட்ராய்டு இருக்கும், வாங்கி வைஃபைய ஆஃப் பண்ணிட்டு லிஃப்ட் பக்கத்துல நின்னு திறந்து பாருங்க.

ஏஜென்சி சைட்டுங்கள்ல எல்சிபி கெட்டுப்போறது பெரும்பாலும் ஒரே எடத்துல, ஹீரோ ஹெட்டிங். ஒபாசிட்டி பூஜ்யம்னு வெச்சு மறைச்சுட்டு ஜாவாஸ்கிரிப்ட் வந்து அத எழுப்பும், ஸ்கிரிப்ட் லேட்டானா பாக்கறவருக்கு வெள்ள ஸ்கிரீன், ஸ்கிரிப்ட் வரவே இல்லன்னா கடைசி வரைக்கும் வெள்ள ஸ்கிரீன். ஹெட்டிங் முதல் நொடியிலயே தெரியட்டும், ஆட்டம் எல்லாம் அதுக்கு கீழ வெச்சுக்கோங்க. ஹீரோ படத்துக்கு லேஸி லோடிங் (லேட்டா இறக்கறது) இருந்தா எடுங்க, முதல்ல இறங்கறதுக்கு ஃபெட்ச் பிரையாரிட்டி ஹை குடுங்க, எல்லா படத்துக்கும் அகலம் உயரம் எழுதுங்க. பேக்ரவுண்ட்ல ஓடற ட்ரோன் வீடியோ பத்தி நான் ஒண்ணும் சொல்லல, ஓனர் காசு குடுத்து எடுத்திருப்பாரு.

இதெல்லாம் தப்பினாலும் கட்டின பேஜ் இருக்கு, பின்னாடி சரி பண்ணிக்கலாம். மாத்தற அன்னைக்கு நடக்கறதுதான் ஆபீஸையே நிறுத்தும், அது மெயில். உங்க ஆபீஸ் மெயில், சைட் இருக்கற சிபேனல் ஹோஸ்டிங்லயே இருக்கான்னு முதல்ல பாருங்க. அங்க டீஃபால்ட்டா எம்எக்ஸ் ரெக்கார்ட் (மெயில் எங்க போகணும்னு சொல்றது) உங்க டொமைன் பேரையே காட்டிட்டு இருக்கும், நீங்க சைட்டுக்காக ஏ ரெக்கார்ட (டொமைன் எந்த சர்வர்னு சொல்றது) மட்டும்தானே மாத்தறோம்னு மாத்துவீங்க, மெயிலும் அதே பேர புடிச்சுட்டு புது ஹோஸ்டுக்கு போய் முட்டி நிக்கும். சைட் ஜம்முனு திறக்கும், ஆனா ஓனருக்கு ஒரு மெயில் வராது, அனுப்பினவருக்கு பவுன்ஸ் ஆகறதுக்கும் சில சமயம் நாள் கணக்கு ஆகும், அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. அதனால முதல்ல மெயிலுக்குன்னு தனியா ஒரு சப்டொமைன் போட்டு பழைய சர்வர் ஐபிய காட்டுங்க, எம்எக்ஸ அதுக்கு திருப்புங்க, மெயில் போய் வருதான்னு பாருங்க, அப்புறம்தான் ஏ ரெக்கார்ட். கூகிள் வொர்க்ஸ்பேஸோ ஜோஹோ மெயிலோ இருந்தா இந்த சிக்கல் இல்ல, ஆனா நேம்சர்வரயே (இந்த ரெக்கார்டெல்லாம் இருக்கற இடம்) கிளவுட்ஃப்ளேருக்கு மாத்தறீங்கன்னா அது ஸ்கேன் பண்ணி எடுக்கற லிஸ்ட நம்பிடாதீங்க, டிகிம் ரெக்கார்ட் (மெயில் நிஜமானதுன்னு காட்டறதுக்கு) அடிக்கடி விட்டுப்போவும், பழைய ரெக்கார்ட் லிஸ்ட பக்கத்துல வெச்சுட்டு வரி வரியா ஒப்பிடுங்க. டிடிஎல்ல (பழைய ரெக்கார்ட எவ்வளவு நேரம் ஞாபகம் வெக்கணுங்கறது) முந்தின நாளே 300 செகண்டுக்கு குறைச்சு வெச்சா தப்பு நடந்தாலும் சீக்கிரம் திருப்பலாம்.

ரீடைரக்ட் (பழைய லிங்க்க புதுசுக்கு அனுப்பறது) எல்லாருக்கும் தெரியும், ஆனா பேஜுங்களுக்கு மட்டும் போடுவாங்க. பழைய அப்லோட்ஸ் ஃபோல்டர்ல கம்பெனி புரொஃபைல் பிடிஎஃப் ஒண்ணு கெடக்கும், எத்தனையோ கொட்டேஷன்ல அந்த லிங்க் போயிருக்கும், அதுக்கும் 301 (நிரந்தர ரீடைரக்ட்) போடுங்க. எல்லாத்தையும் ஹோம் பேஜுக்கு தள்ளாதீங்க, அதுக்கு நேரான பேஜ் இல்லன்னா 404 வரட்டும் பரவால்ல. குறைஞ்சது ஒரு வருஷம் ரீடைரக்ட எடுக்காதீங்கன்னு கூகிளே சொல்லுது, நீங்க எடுக்கவே வேணாம். ஸ்டேஜிங்ல (சோதனை சைட்ல) நோஇண்டெக்ஸ் (தேடல்ல காட்டாதேன்னு கூகிளுக்கு சொல்றது) போட்டிருந்தா லைவ்ல எடுத்தாச்சான்னு பாருங்க, ஸ்டேஜிங்க மறைக்கறதுக்கு ரோபோட்ஸ் ஃபைல்ல டிஸ்அலவும் சேத்து போட்டீங்கன்னா கூகிள் உள்ள வந்து நோஇண்டெக்ஸ்ஸ படிக்கவே முடியாது, ஏதாவது ஒண்ணுதான், பாஸ்வேர்ட் போடறது இன்னும் உத்தமம்.

வேர்ட்பிரஸ் போனா கான்டாக்ட் ஃபார்ம் பிளகினும் அதோட போயிடும், புதுசுல ஃபார்ம் எங்க போய் விழும்னு முடிவு பண்ணுங்க. ஸ்பாமுக்கு கிளவுட்ஃப்ளேரோட டர்ன்ஸ்டைல் போதும், கேப்ட்சா போட்டு பஸ் படத்த எல்லாம் கிளையன்ட்ட தேட வெக்காதீங்க. பக்கத்துல வாட்ஸப் பட்டன் ஒண்ணு, நம்பருக்கு முன்னாடி 91 இருக்கான்னு பாத்துக்கோங்க, ப்ளஸ்ஸும் பூஜ்யமும் போடாதீங்க. லைவ் போன அன்னைக்கு வெளி ஜிமெயில்ல இருந்து ஃபார்ம் ஃபில் பண்ணி, சேல்ஸ் ஆளோட இன்பாக்ஸ்ல வந்துச்சா ஸ்பாம்ல போச்சான்னு அவர் ஸ்கிரீனயே பாருங்க.

பழைய ஹோஸ்டிங்க அடுத்த நாளே கேன்சல் பண்ணிடாதீங்க, ரெண்டு மாசமாவது ஓடட்டும். சிபேனல் மெயில்பாக்ஸ் அதுலதான் இருக்குன்னா கேன்சல் பண்ணா பழைய மெயில் மொத்தமும் காலி, முன்னாடியே எக்ஸ்போர்ட் எடுக்கணும். அப்படியே கையோட டொமைன் யாரு பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு, ரினியூவல் மெயில் எந்த ஐடிக்கு போகுதுன்னும் பாத்துடுங்க, பாதி ஏஜென்சில அது எப்பவோ வேலைய விட்டுப்போன ஒருத்தரோட ஐடிலதான் இருக்கும்.